சொன்ன தேதி தாண்டியும் பொருள் வரவில்லை: ஆர்டரை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டு அளவுக்குச் செய்து தரும்படி ஆன்லைனில் ஒரு சோபா ஆர்டர் செய்து, முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். '6 முதல் 8 வாரத்தில் டெலிவரி' என்று போட்டிருந்தார்கள். 8 வாரம் முடிந்ததும் 10-வது வாரம் என்றார்கள், பிறகு 13-வது வாரம் என்றார்கள். இரண்டுக்கும் வாட்ஸ்அப்பில் 'சரி' என்று பதில் போட்டேன். இப்போது 15 வாரம் ஆகிறது. '18-வது வாரம் நிச்சயம்' என்று புதிதாகச் செய்தி வந்திருக்கிறது. ரத்து செய்யச் சொன்னால், 'ஆர்டரின் பேரில் செய்யும் பொருளுக்கு ரத்து கிடையாது. வேண்டுமானால் 25 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை வவுச்சராகத் தருகிறோம்' என்கிறார்கள். நாளாகும் என்று தெரிந்தே வாங்கியதால் கேட்க உரிமை இல்லை என்கிறார்கள் வீட்டில். முழுப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கேட்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆனால் அந்த 18-வது வாரச் செய்திக்கு மட்டும் 'சரி' என்று பதில் போட்டுவிடாதீர்கள். இந்தப் பிரச்சினையில் எல்லாமே அந்தச் சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறது.

வீட்டில் சொல்வது பாதிதான் உண்மை. 8 வாரம் காத்திருக்க நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். 5-வது வாரத்தில் மனம் மாறி ரத்து கேட்டிருந்தால் விற்பவர் மறுக்க இடமிருந்தது. காலவரையின்றிக் காத்திருக்க நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. 'அது உத்தேசத் தேதிதான்' என்று அவர்கள் சொல்லக்கூடும். தேதியே குறிக்காத ஒப்பந்தத்தைக்கூட நியாயமான காலத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 46. எது நியாயமான காலம் என்பதற்கு அவர்களே போட்ட '8 வாரம்' நல்ல அளவுகோல்.

உங்கள் இரண்டு 'சரி'களுக்கும் விளைவு உண்டு. அதே சட்டத்தின் பிரிவு 63-ன்படி, ஒப்பந்தத்தை நிறைவேற்றும் காலத்தை வாங்குபவர் நீட்டித்துக் கொடுக்கலாம். நீங்கள் 10-க்கும் பிறகு 13-க்கும் நீட்டித்தீர்கள். எனவே 8-வது வாரத்திலிருந்து தாமதக் கணக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். 13-வது வாரத்திலிருந்து கணக்கிடுங்கள். அதற்குமேல் நீங்கள் எதற்கும் சம்மதிக்கவில்லை. இரண்டு வாரத் தாமதம் ஆட்சேபிக்க முடியாதபடி நிற்கிறது. பலர் கோபத்தில் முதல் நாளிலிருந்து எண்ணி, வலுவான வழக்கைத் தாங்களே வலுவிழக்கச் செய்துவிடுகிறார்கள்.

அடுத்து, 'ரத்து கிடையாது' என்ற நிபந்தனை. அது காரணமில்லாமல் பின்வாங்கும் வாடிக்கையாளருக்கானது. சொன்ன தேதியை விற்பவரே தவறவிட்டபின் அதைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ல், விதி 6 தளத்தில் விற்கும் விற்பனையாளருக்கும், விதி 7 சொந்தச் சரக்கை விற்கும் இணையதளத்துக்கும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: அறிவித்த கால அட்டவணைக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பவோ மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணம் மட்டும் விலக்கு. பட்டறையில் ஆர்டர் குவிந்துவிட்டது, துணி வரவில்லை என்பதெல்லாம் வியாபாரத்தின் வழக்கமான சிரமங்கள். அவற்றை இந்த விலக்கில் சேர்ப்பது கடினம்.

25 சதவீதப் பிடித்தத்துக்கும் விதி 4-ல் பதில் உண்டு. தான் ஒருதலையாக ரத்து செய்தால் இதே போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்காத நிறுவனம், உங்களிடம் ரத்துக் கட்டணம் வசூலிக்க முடியாது. வவுச்சரை ஏற்காதீர்கள். அதில் 'முழுத் தீர்வாக' என்று ஒரு வரி இருக்கலாம், இருந்தால் பயன்படுத்தியதும் விவகாரம் முடிந்துவிட்டது என்று வாதிடுவார்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு (அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும்) இப்படி எழுதுங்கள்: "ஆர்டர் எண் இன்னது. 13-வது வாரம் என்று நீங்கள் கடைசியாகக் கேட்டு, நான் சம்மதித்த தேதி கடந்துவிட்டது. 18-வது வாரத் தேதியை நான் ஏற்கவில்லை. இக்கடிதம் கிடைத்த 7 நாளுக்குள் சோபாவைத் தர வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்தானதாகக் கருதி, செலுத்திய முழுத் தொகையையும் நான் பணம் கட்டிய அதே வழியில், வட்டியுடன் திருப்ப வேண்டும்." சோபா இனி வேண்டவே வேண்டாம் என்றாலும் இந்த 7 நாளைக் கொடுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தவர் திடீரென்று ரத்து செய்தார் என்ற வாதத்தை அது முளையிலேயே கிள்ளிவிடும். அச்செடுத்த நகலை, பில்லில் உள்ள முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். அதற்கு உத்தரவிடும் அதிகாரம் இல்லை, ஆனாலும் பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் உடனே தகராறு எழுப்புங்கள்; அதற்கு நாள் கெடு உண்டு, தேதி தள்ளிப்போகப் போக அது கரைந்துவிடும். தவணையில் வாங்கியிருந்தால், கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு ஆள், அடி விழுவது உங்கள் சிபில் மதிப்பெண்ணில்.

நோட்டீஸ் போனதும் தளத்தில் திடீரென்று 'அனுப்பப்பட்டது' என்று மாறலாம். லேபிள் அச்சடித்தாலே பல தளங்களில் அப்படிக் காட்டும். கூரியர் எண்ணை வாங்கி, முதல் பிக்கப் பதிவு எந்தத் தேதியில் என்று பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எங்கிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. சோபா வாங்கிய தளத்தையும் விற்பனையாளரையும் இருவரையுமே எதிர்த்தரப்பினராகச் சேர்க்க மறக்காதீர்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டிவிடுவார்.

மனுவில் ஓர் எச்சரிக்கை. 25 சதவீத நிபந்தனையை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று அறிவிக்கக் கேட்டால், அது மாநில ஆணையத்தின் வரம்புக்குள் போய்விடும். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக முறை என்ற இரண்டோடு நில்லுங்கள். வட்டி 9 சதவீதம் கேளுங்கள், எவ்வளவு கொடுப்பது என்பது ஆணையத்தின் முடிவு. மன உளைச்சலுக்குப் பெருந்தொகை கேட்பதைவிட, ரசீதோடு காட்டக்கூடிய செலவைக் கேட்பது பலன் தரும்.

இதற்கு நடுவில், 7 நாள் கெடு முடிந்த பிறகு சோபா வாசலுக்கே வந்து நின்றால்? ரத்தில் உறுதியாக இருந்தால் இறக்கவிடாதீர்கள், கையெழுத்துப் போடாதீர்கள். வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தால், டெலிவரி சலானில் கையெழுத்துக்கு மேலே "தாமதத்துக்கான இழப்பீடு கோரும் உரிமையை வைத்துக்கொண்டு பெறுகிறேன்" என்று தேதியோடு எழுதி, படம் எடுத்துக்கொண்டு, அதையே அன்றைக்கே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பெறும் நேரத்திலேயே அப்படித் தெரிவிக்காதவர் பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்பது ஒப்பந்தச் சட்டம் பிரிவு 55.