பீஃப், மட்டன், சாசேஜ்: குடல் புற்றுநோய் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

மார்த்தாண்டத்தில் இருந்து: அக்கா, பீஃபும் சிகரெட்டும் ஒரே பட்டியலில இருக்குன்னு வாட்ஸ்அப்பில ஒரு படம் சுத்துது. உள்ளதா?

பாதிதான் உள்ளது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களைக் கூட்டி இதைப் பரிசீலித்தது. சாசேஜ், சலாமி, ஹாம், பேகன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில், அதாவது "புற்றுநோய்க்குக் காரணம் என்பது உறுதி" என்ற இடத்தில் வைத்தார்கள். புகையிலையும் அதே பிரிவில்தான். ஆனால் நாம் கடையில் வெட்டி வாங்கி வைக்கிற பீஃப் அங்கே இல்லை. அது 2ஏ பிரிவு, அதாவது "அநேகமாகக் காரணமாகலாம்" என்ற இடம்.

இன்னொன்று: புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு சொல்கிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அல்ல. பதப்படுத்திய இறைச்சி அதிகமுள்ள உணவுப்பழக்கத்தால் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள் என்று அப்போது சொன்ன மதிப்பீட்டில், புகையிலைக்கு 10 லட்சம், மதுவுக்கு 6 லட்சம். இந்தக் கணக்கை அந்தப் படம் போட்டவர் விட்டுவிட்டார்.

அதே நபர்: அப்போ 18 சதவீதம்னு சொல்லுறது?

தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18% கூடுகிறது என்பது அது. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று வாசிக்கக் கூடாது. ஒரு ஊரில் வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 கிட்டத்தட்ட 6 ஆகும். நம் நாட்டில் அந்த அடிப்படை எண்ணே மேல்நாடுகளை விடப் பல மடங்கு குறைவு. அதற்காகச் சும்மா இருக்கலாம் என்றில்லை, பயப்பட வேண்டிய அளவு தெரிய வேண்டும்.

குளச்சல்: கருவாடு, உப்புக்கண்டம், சிக்கன் சாசேஜ், இதெல்லாம் பதப்படுத்தியதில சேருமா?

மூன்றும் மூன்று கதை. கருவாடு இந்தக் கணக்கில் வராது, அது மீன். அதில் பார்க்க வேண்டியது உப்பு: உப்பிட்டுப் பதப்படுத்திய உணவுக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு சொல்கிறார்கள். கழுவி, ஊறவைத்து, வெள்ளத்தைக் கொட்டிவிட்டு வைத்தால் உப்பு குறையும். உப்புக்கண்டம் சேரும், உப்பிட்டு உணக்கி வைத்த இறைச்சி அல்லவா. சிக்கன் சாசேஜும் சேரும். கோழி என்பதால் விதிவிலக்கு இல்லை, பதப்படுத்திய விதம்தான் பார்ப்பது. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் 249, 250 என்ற எண்கள் இருக்கிறதா பாருங்கள். அவை நைட்ரைட்டுகள். 251, 252 நைட்ரேட்டுகள். சாசேஜ் வேகவைத்த பிறகும் ரோஸ் நிறமாகவே இருப்பது இதனால்தான்.

கருங்கல்: எறச்சியில அப்படி என்னதான் இருக்கு?

சிவப்பு நிறம் தருவது ஹீம், இரும்பைப் பிடித்து வைத்திருக்கிற பொருள். பீஃபில் அதிகம், பன்றியில் குறைவு, கோழி நெஞ்சுக்கறியில் மிகக் குறைவு. பெருங்குடலுக்குப் போகும் ஹீம் இரண்டு வேலை செய்கிறது. கொழுப்பைக் கெடுத்து, குடல் சுவரின் செல்களைப் புண்ணாக்கும் பொருள்களை உண்டாக்குகிறது. அங்கேயே என்-நைட்ரோசோ சேர்மங்கள் உருவாகவும் உதவுகிறது. இவை செல்லின் டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடியவை. சாசேஜில் நைட்ரைட் வெளியிலிருந்தே சேருவதால் அங்கே இன்னும் எளிது.

மூன்றாவது, சமைக்கும் சூடு. 150 டிகிரிக்கு மேல் இறைச்சி கறுத்து முறுகும்போது ஹெட்டரோசைக்ளிக் அமீன்கள் என்ற, டி.என்.ஏ.வைத் தாக்கக்கூடிய பொருள்கள் உண்டாகின்றன. கனலில் சுடும்போது கொழுப்பு சொட்டிப் புகை எழும்பி இறைச்சியில் ஒட்டும் கேடு வேறொரு வகை.

தக்கலை: நாங்க பீஃப் கறுக்க வறுத்தாதான் ருசின்னு நினைக்கோம். வறுக்கவே கூடாதா?

வறுக்கலாம், கரிய விடக் கூடாது. நிறம் மசாலாவில் இருந்து வரட்டும். ஒரு கிலோவுக்கு:

முதலில் இறைச்சியில் மஞ்சள், உப்பு, இஞ்சி, பூண்டு போட்டுப் புரட்டி அரைமணி நேரம் வையுங்கள். பிறகு குக்கரில் வேகவையுங்கள். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும், அதனால் அந்த அமீன் பிரச்சினை அங்கே இல்லை. இளம் இறைச்சிக்கு நான்கு விசில், முற்றிய போத்துக்கு (எருமை) ஆறேழு. விட்ட வெள்ளத்தைக் கொட்டாதீர்கள். தேங்காய்க்கொத்தைத் தனியாக எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து வையுங்கள். அதே சட்டியில் உள்ளி (வெங்காயம்), கறிவேப்பிலை வதக்கி, வறுத்துப் பொடித்த மல்லி, நல்லமிளகு, வெந்த இறைச்சி, அந்த வெள்ளம் எல்லாம் சேர்த்து, தீயைக் குறைத்து வற்ற விடுங்கள். வெள்ளம் இருக்கும் வரை சட்டியில் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. வற்றி எண்ணெய் தெளியும்போது தேங்காயைச் சேர்த்து ஐந்து நிமிடம் புரட்டி இறக்குங்கள். கறுப்பு வந்துவிடும், அது மல்லியும் மிளகும் தந்த கறுப்பு.

தப்பு நடக்கிற இடம் கடைசிப் பத்து நிமிடம். வெள்ளம் வற்றியது தெரியாமல் தீயைக் கூட்டுவது, பிறகு அடியில் ஒட்டிய கரியைச் சுரண்டி, "இதுதான் ருசி" என்று சோற்றில் பிசைவது. அந்தச் சுரண்டலை விட்டுவிடுங்கள்.

குலசேகரம்: வாரத்துக்கு எவ்வளவு தின்னலாம்?

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்வது: சிவப்பு இறைச்சி, சமைத்த எடையில் ஒரு ஆளுக்கு வாரம் 350 முதல் 500 கிராம் வரை. பச்சையாக 500 முதல் 700 கிராம், எலும்பைக் கழித்து. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேருக்கு ஒரு கிலோ எலும்பில்லாமல் வாங்கினால், வெந்தபின் சுமார் 700 கிராம், ஆளுக்கு 175. ஆகவே ஞாயிறு பீஃபில் குறையொன்றும் இல்லை. எல்லை தாண்டுவது சாயங்காலக் கடைகளில். பொரோட்டாவோடு உள்ளங்கை அளவு, ஏறக்குறைய 100 கிராம், தினமும் என்றால் வாரம் 700 ஆகிவிடும். பதப்படுத்தியதற்கு அளவு சொல்லவில்லை, கூடுமானவரை வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

நாகர்கோவில்: மட்டனுக்கு மாறினா போதுமா?

போதாது. ஆடு, மாடு, போத்து, பன்றி நான்கும் சிவப்பு இறைச்சிதான். மாறுவதென்றால் சாளை, அயிலை மீனுக்கு மாறுங்கள், பர்ஸுக்கும் நல்லது.

ஆரல்வாய்மொழி: பிரசவம் கழிஞ்சு எனக்கு ரத்தச்சோகை. டாக்டர் எறச்சி தின்ன சொன்னாங்க, இவரு பயந்து நிறுத்திட்டாரு.

டாக்டர் சொன்னதைக் கேளுங்கள் மக்ளே. ஹீம் இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும், உங்களுக்கு இப்போது அதுதான் தேவை. மேலே சொன்ன எல்லைக்குள் தின்னலாம். இரும்பு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். சாப்பாட்டோடு சாயா வேண்டாம், ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அவரிடம் இதைக் காட்டுங்கள்.

திருவட்டார்: மரச்சீனியும் பீஃபும் சேர்ந்தா தப்பா?

சேர்க்கையில் தப்பில்லை, ஆனால் மரச்சீனியில் (மரவள்ளிக்கிழங்கு) நார் குறைவு. தட்டில் பயறுத்துவரனோ முருங்கைக்கீரையோ இருக்கட்டும். மறுநேரம் தவிடு போகாத சிவப்பு அரிசிச் சோறு, சிறுபயறு. நார் குடலில் புளித்து பியூட்ரேட் என்ற அமிலத்தைத் தருகிறது, குடல் செல்களுக்கு அதுதான் தீனி. தினம் 90 கிராம் முழுதானியம் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை 17% அளவு குறைப்பதாகக் கணக்கு. பால், மோர் நல்லது, கால்சியம் ஹீமைப் பிடித்து வைக்கும். பீஃபைத் தொட்டுக்கொண்டு கூடவே இரண்டு கிளாஸ் அடிப்பவர்கள் முதலில் கிளாஸைக் குறைக்கட்டும். மது பெருங்குடல் புற்றுநோய்க்கு உறுதியான காரணம், குற்றம் மட்டும் பீஃப் மேல் விழுகிறது.

இரணியல்: அப்பாவுக்கு 58 வயசு, மலத்தோட ரத்தம் வருது. மூலம்னு ஆறு மாசமா மருந்து தின்னுறாரு.

பரிசோதிக்காமல் மூலம் என்று முடிவு கட்டக் கூடாது. ஆறு மாதம் ரொம்ப அதிகம், இந்த வாரமே அறுவைசிகிச்சை அல்லது குடல்நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். விரல் பரிசோதனை, ஹீமோகுளோபின், தேவைப்பட்டால் கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது). மலம் கழிக்கும் பழக்கம் மாறியதா, எடை குறைந்ததா என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். குடலின் வலதுபக்கக் கட்டியில் ரத்தம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, சோகையாகத்தான் தெரியும். ஆண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையோடு நிறுத்தாமல் குடலையும் பார்க்க வேண்டும்.

மறைந்த ரத்தம் பார்க்கும் மலப் பரிசோதனை வேறு, அது அறிகுறி இல்லாதவர்களுக்கு. அப்பாவுக்கு அது 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஆறுதலடைய வேண்டாம். மற்றவர்கள் அதைச் செய்யும்போது லேபில் 'ஃபிட்' முறையா, பழைய குவாயக் முறையா என்று கேளுங்கள். பழைய முறையில் தின்ற பீஃபின் ஹீமும் ரத்தமாகக் காட்டும், அதனால் மூன்று நாள் சிவப்பு இறைச்சியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும். ஃபிட்டுக்கு அந்தப் பத்தியம் இல்லை.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று உறுதியானால், பிள்ளைகள் 40 வயதிலோ, அப்பாவுக்குக் கண்டுபிடித்த வயதில் பத்துக் கழித்து வரும் வயதிலோ, எது முந்தியோ அப்போது கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும். உங்களுக்கு அது 40.