அப்பாவின் இபிஎஃப் பணமும் நீதிமொழிகள் 11:28-உம்

சகோதரரே, அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்த இபிஎஃப் (மலேசிய ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்காமல் வைத்திருப்பது விசுவாசக் குறைவு என்று சுங்கை சிப்புட்டில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் காட்டிய பைபிள் வசனமான நீதிமொழிகள் 11:28 செல்வத்தின்மேல் நம்பிக்கை வைப்பவனைத்தான் எச்சரிக்கிறது, சேமிப்பவனை அல்ல. 1 தீமோத்தேயு 6:17-18 வாசியுங்கள். பணத்தைத் தூக்கி எறியுங்கள் என்று பவுல் பணக்காரர்களிடம் சொல்லவில்லை. நிலையில்லாத செல்வத்தை நம்பாமல் கடவுளை நம்புங்கள், தாராளமாகக் கொடுங்கள் என்கிறார். லூக்கா 12-இல் இயேசு சொல்லும் உவமையில் வரும் பணக்காரன், பெரிய களஞ்சியம் கட்டி எல்லாவற்றையும் சேர்த்து வைப்பேன், இனிப் பல வருஷத்துக்குக் கவலையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்; அவன் கோளாறு அங்கேதான்.

சரி, பணத்துக்கு வருவோம். 55 வயதானதும் எல்லாவற்றையும் எடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. விட்டுவைத்தால் 100 வயதுவரை லாப ஈவு வரும். வசனம் சொன்னவரே அடுத்து ஏதாவது 'திட்டத்தோடு' வந்தால் அப்பாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.