மேல் ஆரோவை அழுத்தினா என்ன நடக்குது? – கடிதம்

வணக்கம் அக்கா,

எட்டு மாசமா லினக்ஸ் சர்வர் பக்கம் வேலை பாக்குறேன். கமாண்ட் அடிக்கிற பேஷ் ஷெல்ல மேல் ஆரோவை அழுத்தினா முன்னாடி அடிச்ச கமாண்ட் வருது, ப்ரோக்ராம்ல தப்பு தேடுற ஜிடிபி (gdb) டூல்லயும் வருது. ஆனா ஆபீஸ்ல யூஸ் பண்ற ஒரு டேட்டாபேஸ் க்ளையன்ட்ல அதே கீயை அழுத்தினா தொப்பி மாதிரி ஒரு குறி, ரெண்டு சதுர ப்ராக்கெட், ஒரு ஏ, இப்படி குப்பையா வந்து விழுது. ஒரே டெர்மினல், ஒரே கீபோர்டு, எப்படி இது? சீனியர்கிட்ட கேட்டேன். "அது ரீட்லைன் லைப்ரரி பண்ற வேலைடா, ஜிபிஎல் லைசென்ஸ், நம்ம ப்ராடக்ட்ல சேத்தா சோர்ஸ் கோடு பூரா வெளிய குடுக்கணும், கிட்டயே போகாத"ன்னுட்டார். ஒரு வரியை எடிட் பண்ற லைப்ரரிக்கு எதுக்குக்கா இவ்ளோ கடுமையான லைசென்ஸ்?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தார்.)

அன்புள்ள தம்பி,

முதல் கேள்விக்கு பதிலை நீயே உன் மெஷின்ல பாத்துடலாம். டெர்மினலைத் திறந்து, ஃபைல் பேர் எதுவும் குடுக்காம வெறும் கேட் (cat) கமாண்டை மட்டும் அடிச்சு என்டர் தட்டு, இப்ப மேல் ஆரோவை அழுத்து. அங்கயும் அதே தொப்பி, ப்ராக்கெட், ஏ வரும். அது குப்பை இல்ல, அந்த கீ நிஜமாவே அனுப்புறதே அதுதான். எஸ்கேப், ஒரு சதுர ப்ராக்கெட், ஒரு ஏ, மொத்தம் மூணு பைட். எஸ்கேப்பை அப்படியே காட்ட முடியாதுங்கிறதால தொப்பியும் இன்னொரு ப்ராக்கெட்டுமா காட்டுது, அதனாலதான் உனக்கு ப்ராக்கெட் ரெண்டா தெரியுது.

நீ அடிக்கிறதை என்டர் தட்டுற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கிறது கெர்னல், அதாவது லினக்ஸோட மையப் பகுதி. அதுக்குத் தெரிஞ்ச எடிட்டிங் ரொம்பக் கம்மி, பேக்ஸ்பேஸ் தெரியும், கன்ட்ரோல் யூ அடிச்சா வரியை அழிக்கும், கன்ட்ரோல் டபிள்யூ அடிச்சா ஒரு வார்த்தையை அழிக்கும், கிட்டத்தட்ட அவ்ளோதான். ஆரோன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. ரீட்லைன் என்ன பண்ணுதுன்னா, தன் முறை வந்ததும் கெர்னல்கிட்ட "நீ பிடிச்சு வெக்காத, ஒவ்வொரு பைட்டையும் வந்த உடனே எனக்குக் குடு"ன்னு சொல்லிடும். அந்த மூணு பைட்டைப் பாத்து, ஓ, பழைய கமாண்டைக் கேக்குறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு ஹிஸ்டரில இருந்து எடுத்து, வரியைத் தானே வரைஞ்சு காட்டும். நீ என்டர் தட்டினதும் டெர்மினலைப் பழையபடி ஆக்கிட்டு முடிஞ்ச வரியை ப்ரோக்ராம் கையில குடுத்துடும். ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இது ஒரே ஒரு ஃபங்ஷன் கால். உன் டேட்டாபேஸ் க்ளையன்ட் அப்படி எதையும் கூப்பிடல, அவ்ளோதான் விஷயம்.

1989ல ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்காக ப்ரையன் ஃபாக்ஸ் பேஷ் எழுதினப்போ பொறந்தது ரீட்லைன். பேஷுக்குள்ளயே புதைச்சு வெச்சிருக்கலாம், ஆனா தனியா எடுத்து யார் வேணா யூஸ் பண்ற லைப்ரரியா குடுத்தாங்க, அதனாலதான் பேஷ்ல பழகின விரல் ஜிடிபிலயும் யோசிக்காம ஓடுது. கொஞ்ச வருஷத்துலயே செட் ரமேங்கிறவர் பொறுப்பை எடுத்துக்கிட்டார், அமெரிக்காவுல க்ளீவ்லண்ட்ல இருக்கிற கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் யூனிவர்சிட்டில வேலை பாத்தவர். முப்பது வருஷத்துக்கு மேல பேஷையும் ரீட்லைனையும் அவர்தான் பாத்துக்கிறார், வாலன்டியரா. நாம தினமும் எத்தனை ஆயிரம் தடவை அந்த கோடைத் தொடுறோம், அவர் பேர் தெரிஞ்சவங்க எத்தனை பேரு சொல்லு, எனக்கு இது மனசுல உறுத்திக்கிட்டே இருக்கும்.

சரி, உன் க்ளையன்ட்டுக்கு வழி இருக்கு. ஆர்எல்ராப்னு (rlwrap) ஒரு சின்ன ப்ரோக்ராம், அதை இன்ஸ்டால் பண்ணிட்டு உன் கமாண்டுக்கு முன்னாடி அந்தப் பேரைச் சேத்து அடி. அது வெளிய உக்காந்து ரீட்லைனை வெச்சு வரியை எடிட் பண்ண விட்டு, முடிஞ்ச வரியை மட்டும் உள்ள அனுப்பும். ஆரோ, ஹிஸ்டரி எல்லாம் வந்துடும். அது தனி ப்ரோக்ராம், உங்க ப்ராடக்ட்டோட லிங்க் ஆகுறதே இல்ல, சீனியர் இதுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆரோவோட மட்டும் நின்னுடாத தம்பி. ஒரு நீளமான கமாண்டை முக்கால்வாசி அடிச்சுட்ட, அப்பதான் ஐயோ, டிஸ்க்ல இடம் இருக்கான்னு முதல்ல பாக்கணுமேன்னு தோணுது. நிறைய பேர் அதை மவுஸ்ல காப்பி பண்ணுவாங்க, இல்ல அழிச்சுட்டு திரும்ப அடிப்பாங்க. நீ கன்ட்ரோல் யூ அடி, வரி மறைஞ்சிடும், ஆனா போயிடல. டிஸ்க்கைப் பாத்துட்டு வந்து கன்ட்ரோல் ஒய் அடி, பழைய வரி அப்படியே வந்து நிக்கும். கெர்னலோட கன்ட்ரோல் யூ வெறுமனே அழிக்கும், ரீட்லைனோடது எடுத்து பத்திரமா வெக்கும். இன்னொண்ணு, ஆல்ட்டோட புள்ளி. முந்தின கமாண்டோட கடைசி வார்த்தையை எடுத்துக் குடுக்கும், நீட்டமா ஒரு டைரக்டரி உருவாக்கிட்டு உள்ள போகணும்னா சிடி (cd) அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஆல்ட் புள்ளி, முடிஞ்சது. கன்ட்ரோல் ஆர் உனக்கே தெரிஞ்சிருக்கும், அதையே திரும்பத் திரும்ப அழுத்தினா இன்னும் பழசுக்குப் போகும்ங்கிறது பல பேருக்குத் தெரியல.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் ரீட்லைனுக்குக் கடன்பட்டவ. பல வருஷம் முன்னாடி சாட்ல வந்த ஒரு கமாண்டை காப்பி பண்ணி ப்ரொடக்ஷன் சர்வர்ல பேஸ்ட் பண்ணேன், பாத்துட்டு அதுல இருக்கிற டைரக்டரி பேரை மாத்தலாம்னு நினைச்சேன், ஆனா காப்பி பண்ணதுல கடைசில ஒரு என்டரும் சேந்து வந்துடுச்சு, நான் கையை எடுக்குறதுக்குள்ள ஒரு டைரக்டரி காலி. பேக்கப் இருந்துச்சு, ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க தூக்கம் இல்ல. 2020 டிசம்பர்ல வந்த ரீட்லைன் 8.1ல இருந்து, டெர்மினல் சப்போர்ட் பண்ணா, பேஸ்ட் பண்றதுக்குள்ள இருக்கிற என்டரை என்டரா எடுத்துக்காம சும்மா வரியில காட்டி நிறுத்துறதை டிஃபால்ட்டாவே ஆன் பண்ணிட்டாங்க. உன் சர்வர்ல பழைய வெர்ஷன் இருந்தா டீம்கிட்ட சொல்லு, இதுக்காகவாவது மாத்தணும்.

இப்ப லைசென்ஸ். சீனியர் சொன்னது பாதி சரி. உங்க ப்ராடக்ட்டோட ரீட்லைனை லிங்க் பண்ணி வெளிய ஆளுங்களுக்குக் குடுத்தா மொத்தத்தையும் ஜிபிஎல்ல குடுக்கணும், நிஜம். ஆனா சர்வர்ல பேஷ் ஓட்டுறதாலயோ, ஆபீஸுக்குள்ளயே ஒரு டூல் எழுதி வெச்சுக்கிறதாலயோ அந்தக் கடமை வராது. பேரைக் கேட்டே ஒதுங்கிப் போறது தேவையில்லாத பயம்.

ஏன் இவ்ளோ கடுமைன்னு கேட்ட. இது யோசிச்சு வெச்ச நிபந்தனை. சி லைப்ரரி மாதிரி எங்கயும் கிடைக்கிற சரக்குக்கு பேஷ், ரீட்லைன் எல்லாம் குடுக்குற க்னூ ப்ராஜெக்ட்காரங்களே எல்ஜிபிஎல்ங்கிற தளர்வான லைசென்ஸ்தான் வெச்சாங்க. ரீட்லைன் செய்ற வேலையைச் செய்ய அப்ப சரியான மாத்து இல்ல, அப்ப அந்த வசதி ஃப்ரீ சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்குப் பலமா இருக்கட்டும், மத்தவங்களும் வேணும்னா வந்து சேரட்டும்ங்கிறது க்னூவை ஆரம்பிச்ச ஸ்டால்மனோட வாதம். அது நடக்கவும் செஞ்சுது. 1992ல ப்ரூனோ ஹைப்லே, லிஸ்ப் மொழி ப்ரோக்ராம்களை ஓட்டுற தன்னோட சிலிஸ்ப்ல ரீட்லைனைச் சேத்திருந்தார், ஸ்டால்மன் அப்படின்னா நீயும் ஜிபிஎல்ல குடுக்கணும்னார், ரெண்டு பேரும் மெயில்ல நல்லா வாதாடினாங்க, கடைசில சிலிஸ்ப் ஜிபிஎல்லுக்கு வந்துடுச்சு. அந்த மெயில்களை சிலிஸ்ப்போட சேத்தே வெச்சிருக்காங்க, தேடிப் படி. இந்த நிபந்தனை வேண்டாம்னவங்க சும்மா உக்காரல, பிஎஸ்டிங்கிற இன்னொரு யூனிக்ஸ் குடும்பத்துப் பக்கம் லிப்எடிட் இருக்கு, ரெடிஸ் டேட்டாபேஸை எழுதின சான்ஃபிலிப்போ ரொம்பச் சின்னதா லைன்நாய்ஸ்னு ஒண்ணு எழுதிக் குடுத்தார். உங்க ப்ராடக்ட்டுக்கு வேணும்னா அதை எடுத்துக்கலாம். எனக்கு ரெண்டு வழியும் நேர்மையாத்தான் படுது, எழுதினவங்க "நான் திறந்து குடுத்தேன், நீயும் திறந்து குடு"ன்னு கேக்குறதை கடுமைன்னு என்னால சொல்ல முடியல.

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. ஹோம் டைரக்டரில புள்ளியில ஆரம்பிக்கிற இன்புட்ஆர்சின்னு (.inputrc) ஒரு ஃபைல் வெச்சா இதெல்லாம் உன் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம், பேஷ் மேனுவல்லயே முழு லிஸ்ட் இருக்கு. பாதி வார்த்தை அடிச்சுட்டு மேல் ஆரோ அழுத்தினா அதுல ஆரம்பிக்கிற கமாண்டை மட்டும் தேடுற மாதிரி மாத்துறதை முதல்ல பண்ணு. லிப்எடிட் யூஸ் பண்ற ப்ரோக்ராம் இந்த ஃபைலைப் படிக்காது, அதுக்கு எடிட்ஆர்சின்னு தனி ஃபைல், மேக்ல பைத்தான் யூஸ் பண்றவங்க இங்கதான் தலையைப் பிச்சுக்குவாங்க.

அப்புறம் கன்ட்ரோல் ஆர்ல தேடிக்கிட்டே தாண்டிப் போயிட்டு, திரும்ப முன்னாடி வர கன்ட்ரோல் எஸ் அடிப்ப, ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும். சர்வர் தொங்கிடுச்சுன்னு டெர்மினலை மூடிடாத. அது கெர்னலோட பழைய நிறுத்து சிக்னல், கன்ட்ரோல் க்யூ அடிச்சா திரும்ப ஓடும்.

அன்புடன்,
அக்கா