வெள்ளிப் பெரணி வாங்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) ஒரு மூலையைப் பசுமையாக்க நினைக்கிறேன். 'ஜப்பான் பெயின்டட் ஃபெர்ன்' என்று ஆன்லைனில் விற்கும் வெள்ளி இலைப் பெரணியின் படம் கண்ணைப் பறிக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அத்தைரியம் நிப்போனிகம் என்ற அந்தச் செடி ஜப்பான், கொரியா, சீனா பக்கத்துக் குளிர்ப் பிரதேசங்களுக்கு உரியது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, மண்ணுக்குள் தண்டு மட்டும் உறங்கிக் கிடக்கும். அந்த உறக்கம் இங்கே வாய்க்காது. அதற்கு மேல் சித்திரை, வைகாசிப் புழுக்கம் வேறு. வந்த புதிதில் நன்றாக இருக்கும், கோடையில் போய்விடும். 2004-ல் அமெரிக்காவின் பெரன்னியல் பிளான்ட் அசோசியேஷன் அதை ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது. வெள்ளிப் பெரணி என்று தேடினால் அதுவே முதலில் வந்து நிற்பதில் வியப்பில்லை. கொடைக்கானலில் வீடு இருந்தால் முயன்று பாருங்கள்.

நம் ஊருக்கு மூன்று செடிகளைச் சொல்லலாம். முதலாவது டெரிஸ் ஆர்ஜைரியா, நர்சரியில் சில்வர் பிரேக் என்பார்கள். சிற்றிலை ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளிப் பட்டை ஓடும். நம் நாட்டிலேயே இயற்கையாக வளர்வது. மூன்றடி உயரம் வரை போகும், ஆகவே இடம் விட்டு வையுங்கள். இரண்டாவது டெரிஸ் என்சிஃபார்மிஸ் விக்டோரியே. ஓரடி, ஒன்றரை அடிதான் வளரும், சின்னத் தொட்டிக்கு ஏற்றது. லேபிளில் இந்தப் பெயர் ஆங்கில 'பி' எழுத்தில் தொடங்கும், வேறு செடியோ என்று குழம்ப வேண்டாம். மூன்றாவது ஃபிளெபோடியம் ஆரியம். வெள்ளி என்பதைவிடச் சாம்பல் பூத்த நீலம் என்று சொல்வதே சரி. ஒருநாள் தண்ணீர் தவறினாலும் தாங்குவது இதுதான். அதன் தவிட்டு நிறத் தண்டு மயிர் போர்த்திக்கொண்டு மண்ணின் மேலேயே ஊர்ந்து போகும். அது வெளியே தெரிகிறதே என்று மண் போட்டு மூடினால் அழுகிவிடும். வீட்டுக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள், கை துறுதுறுக்கும்.

செடியை விட இடம்தான் காலை வாரும். மார்கழியில் நிழலாக இருக்கும் வளவு மூலை, சித்திரையில் நிழலாக இருக்காது. செட்டிநாடு ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் வந்து நிற்கும், திறந்த வளவின் தரை முழுக்க வெயில் இறங்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், வருஷத்தின் மற்ற நாளில் நிழலில் கிடந்த தெற்குப் பக்கமும் உச்சி வெயிலில் சிக்கும். வெள்ளிப் பட்டையில் பச்சையம் குறைவு. வெயில் பட்டால் அந்த இடம்தான் முதலில் காகிதம் போல் வெளுத்துக் கருகும். ஆகவே வளவின் நடுவில் வைக்காதீர்கள். தாழ்வாரத்தில், ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே வையுங்கள். பகலில் விளக்குப் போடாமல் செய்தித்தாள் படிக்க முடிகிற வெளிச்சம் இருந்தால் போதும். அதற்கும் உள்ளே இரண்டாம் கட்டு இருட்டில் வைத்தால் தண்டு நீண்டு துவளும்.

ஆத்தங்குடிக் கல் மீது தொட்டியை நேராக வைக்க வேண்டாம். சிமென்ட்டில் செய்த கல், ஈரத்தைக் குடித்துவிடும். வட்டமாகக் கறை விழுந்தால் பிறகு போகாது. கால் வைத்த ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'சில்வர் ஃபெர்ன் விதை, 50 எண்ணிக்கை' என்று ஒரு பாக்கெட் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு மாதமாகியும் முளைக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? - காரைக்குடி வாசகர்

பதில்: பெரணிக்கு விதையே கிடையாது. பூக்காது, காய்க்காது, இலையின் அடியில் உண்டாகும் வித்துத்தூளால் பெருகும். அந்தத் தூளை எண்ணிப் பாக்கெட்டில் போட யாராலும் ஆகாது. 50 எண்ணிக்கை என்று அச்சிட்டிருப்பதே அது வேறு ஏதோ விதை என்பதற்குச் சாட்சி. உங்கள் வளர்ப்பில் குறை இல்லை.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. முதலில் அந்த விற்பனைப் பக்கத்தை, பெயரும் எண்ணிக்கையும் படமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். புகார் போனதும் பக்கம் காணாமல் போகும். பில், பாக்கெட்டின் இரண்டு பக்கப் படம் ஆகியவற்றையும் சேர்த்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 'முளைக்கவில்லை' என்று எழுதினால் தண்ணீர் ஊற்றினீர்களா, வெயில் பட்டதா என்று இழுப்பார்கள். 'பெரணிக்கு விதை இல்லை, விளம்பரமே தவறு' என்று எழுதுங்கள். அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேலும் போவதென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. ஒரு விதைப் பாக்கெட்டுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாது, 1915-லேயே பெரும்பாலும் முடிந்துவிடும்.

கேள்வி: தேவகோட்டையில் இருக்கிறோம். போர் தண்ணீர்தான். ஆர்ஜைரியாவின் இலை நுனி பழுப்பாகிறது. தினமும் தண்ணீர் விட்டும் ஏன்?

பதில்: தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உப்புதான் காரணம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதால் தண்ணீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் தங்குகிறது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 300-க்குள் காட்டினால் கவலையில்லை. 800-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. மிஷினின் கழிவுநீர் அதைவிட மோசம், மிச்சப்படுத்துகிறோம் என்று ஊற்ற வேண்டாம்.

வளவு ஓட்டிலிருந்து இறங்கும் மழைநீரை விடச் சிறந்தது இல்லை. 8 அங்குலத் தொட்டி ஒன்றுக்குக் கோடையில் நாளைக்குச் சுமார் 300 மில்லி போதும். பத்துத் தொட்டிக்கு 3 லிட்டர். ஐப்பசி, கார்த்திகை மழையில் 500 லிட்டர் டேங்க் ஒன்றை நிரப்பி, கொசு வலை கட்டி மூடி வைத்தால் ஐந்து மாதம் ஓடும். மாதம் ஒருமுறை தொட்டிக் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடிய விடுங்கள், தேங்கிய உப்பு இறங்கிவிடும். தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

மண் கலவையையும் ஒருமுறை பாருங்கள். நம் செம்மண்ணை மட்டும் நிரப்பினால் ஈரத்தில் இறுகும், காய்ந்தால் கல்லாகும். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு கைப்பிடி. 650 கிராம் கோகோபீட் கட்டி ஊறினால் எட்டு ஒன்பது லிட்டர் வரும், மற்றவற்றோடு சேர்த்து 8 அங்குலத் தொட்டி நான்குக்குக் காணும். அந்தக் கட்டியிலும் உப்பு உண்டு. உறையில் 'லோ ஈ.சி.' (உப்புக் குறைவு) என்று போட்டதை வாங்குங்கள், இல்லாவிட்டால் மூன்று தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். உரம் என்றால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19, லிட்டருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை. கூடுதலாகப் போட்டால் மறுபடியும் நுனிதான் கருகும்.

கேள்வி: கானாடுகாத்தானில் வாங்கிய 'வெள்ளிப் பெரணி'க்கு இலையின் அடியில் மட்டும் வெள்ளை மாவு. மாவுப்பூச்சி, தூக்கிப் போடு என்கிறார் அப்பத்தா. பக்கத்தில் இருக்கும் இன்னொரு பெரணியில் இலை ஓரமாகப் பழுப்புக் கோடு. இரண்டுக்கும் மருந்து சொல்லுங்கள்.

பதில்: இரண்டுக்கும் மருந்து வேண்டாம். முதலாவது பிட்டிரோகிராம்மா கேலோமெலனோஸாக இருக்கும். அந்த மாவு அதன் பிறவிக் குணம். ஓர் இலையைக் கையில் அழுத்தி எடுங்கள். இலையின் உருவம் அப்படியே வெள்ளையாகப் பதிந்தால் அதேதான், அப்பத்தாவிடம் காட்டுங்கள். மாவுப்பூச்சி என்றால் தண்டு மடிப்புகளில் பஞ்சுத் திட்டாக ஒட்டியிருக்கும், விரலில் பிசுபிசுக்கும். இலைக்குத் தண்ணீர் பீய்ச்சினால் மாவு உதிர்ந்து அழகு போய்விடும், மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். இன்னொன்று: மேலிருந்து பார்த்தால் இது சாதாரணப் பச்சைச் செடிதான். வெள்ளி தெரிய வேண்டுமென்றால் கண் மட்டத்துக்கு மேல் தொங்க விடுங்கள்.

ஓரத்துப் பழுப்புக் கோடு டெரிஸ் வகைகளின் வித்துத்தூள். இருபுறமும் ஒரே சீராக, விளிம்பை ஒட்டியே ஓடும். செதில் பூச்சி அப்படி வரிசை கட்டாது, நடுநரம்பை ஒட்டி அங்கங்கே புடைத்திருக்கும், நகத்தால் கீறினால் பெயரும். அது இருந்தால் மட்டும் பஞ்சில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தெடுங்கள்.

கேள்வி: நர்சரியில் நேரில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: நடுவில் சுருண்ட இளங்குருத்து இரண்டாவது இருக்க வேண்டும். குருத்து கறுத்திருந்தால் மற்ற இலைகள் எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். பையைத் தூக்கிப் பாருங்கள்: கனத்து, நாற்றம் அடித்தால் வேர் அழுகல். ஏற்காடு, ஊட்டிப் பக்கத்திலிருந்து வந்த லோடா, வந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று கேளுங்கள். இங்கே ஒரு மாதம் நின்று புது இலை விட்டதை வாங்குவது மேல். பில்லில் 'ஃபெர்ன் 1' என்று எழுதினால் செடியின் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்குவதற்கு ஐப்பசி, கார்த்திகை நல்ல காலம். பங்குனி பிறந்துவிட்டால் மழை வரும்வரை காத்திருங்கள்.