பழைய கார் வாங்குமுன் என்ஜினை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: என் மகனுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்காகப் பட்டர்வொர்த்தில் ஒரு வியாபாரியிடம் 2010ஆம் ஆண்டுப் பெரோடுவா மைவி 1.3 காரைப் பார்த்தோம். வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனையில் தேறிய வண்டி என்பதால் என்ஜினைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்லி, முன்பணம் கட்ட அவசரப்படுத்துகிறார். நம்பலாமா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பதில்: முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள், அம்மா. பெயர் மாற்றத்திற்காக புஸ்பாகோமில் செய்யப்படும் பி5 சோதனை, என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா என்பதை முதன்மையாகப் பார்ப்பது. அது தேவையான சோதனைதான். ஆனால் பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் காக்கும் வளையமான பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா, என்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிகிறதா என்பதைச் சொல்வது அதன் வேலையன்று. அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செல்லுங்கள். சூடேறிய என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும் என்பதால், நீங்கள் வருமுன்பே வியாபாரி வண்டியை ஓடவிட்டிருக்கிறாரா என்று பானெட்டின் மீது கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். என்ஜின் அறை புதிதுபோலக் கழுவப்பட்டிருந்தாலும் எச்சரிக்கையாக இருங்கள், ஆயில் கசிவின் தடங்கள் அதோடு போயிருக்கும்.

என்ஜினை இயக்குமுன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. நம் நாட்டில் நீர் உறைவதில்லை என்பதால் வெறும் குழாய்த் தண்ணீரே போதும் என்று பலர் ஊற்றிவிடுகிறார்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், கொதிநிலையை உயர்த்துவதோடு துரு பிடிக்காமலும் காப்பது. உள்ளே நீர் துருவேறிச் செந்நிறமாகக் கலங்கியிருந்தால் அந்த என்ஜின் பராமரிப்பின்றி ஓடியிருக்கிறது. எண்ணெய் மிதந்தாலோ, ஆயில் மூடியின் அடியிலும் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியிலும் பால் கலந்தாற்போன்ற கசடு இருந்தாலோ, ஆயிலும் நீரும் கலக்கின்றன என்று சந்தேகிக்க வேண்டும்.

பிறகு என்ஜினை இயக்கச் சொல்லி, புகைக்குழாயின் பின்னால் ஒருவர் நிற்கட்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை, பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். சூடேறிய பின்னும் அடர்ந்த வெண்புகை நிற்காவிட்டால் கூலண்ட் சிலிண்டருக்குள் புகுந்து ஆவியாகிறது. மைவியின் இந்த என்ஜினில், வால்வுகளின் இயக்கத்தை என்ஜின் சுழற்சியோடு ஒத்திசைக்கும் டைமிங் பெல்ட் இல்லை, சங்கிலிதான் உண்டு. தொடங்கியவுடன் கடகடவென்ற ஒலி கேட்டால், ஆயிலை உரிய காலத்தில் மாற்றாததால் சங்கிலியும் அதை இறுக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கக்கூடும்.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சமதளச் சாலை போதாது. பினாங்குத் தீவில் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவ் செல்லும் துன் சார்டோன் மலைச்சாலை இதற்கு நன்றாகப் பொருந்தும். ஏற்றத்தில் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறாமல் இருக்கிறதா, இழுவை சீராக இருக்கிறதா என்று பார்க்கலாம். இறக்கத்தில் ஆக்சலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மீண்டும் மிதிக்கும்போது நீலப் புகை குபுக்கென்று வந்தால், வால்வுகளின் வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல்கள் கெட்டிருக்க வாய்ப்புண்டு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்குகளையே சந்தேகிக்க வேண்டும், அந்தச் செலவு பெரியது. ஓட்டுபவருக்குப் புகை சரிவரத் தெரியாது என்பதால் பின்னால் இன்னொரு வண்டி வரட்டும்.

இவை அனைத்திலும் தேறினாலும், வியாபாரி காட்டும் பட்டறையில் அல்லாமல் நீங்களே தேர்ந்தெடுத்த பட்டறையில் கம்ப்ரெஷன் சோதனை செய்யுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பார்கள். நான்கு சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்றுமட்டும் மற்றவற்றைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் அங்கே குறையுண்டு. அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் ரிங்கின் கோளாறு, உயராவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்டின் கோளாறு. இந்தச் சோதனைக்கு மறுக்கும் வியாபாரியிடம் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: கேம்ப்ரோ என்ஜின் பொருத்திய பழைய புரோட்டோன் சாகா ஒன்றை வாங்கவிருக்கிறேன். டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்கிறார் உரிமையாளர், ஆனால் ரசீது இல்லை. என்ன செய்வது?
— வாசகர், செந்தூல்

பதில்: ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும். பழுதுபார்ப்புச் செலவு பெல்ட்டின் விலையைப் போலப் பன்மடங்காகும். பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்ற ஆகும் தொகையைப் பட்டறையில் கேட்டறிந்து, அதைக் காரின் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். வாங்கியவுடன், நெடுந்தூரப் பயணம் எதற்கும் புறப்படுமுன், மாற்றிவிடுங்கள்.