திடலில் காசு எங்கே கிடக்கிறது?

கேள்வி: ஐயா, எனக்கு 24 வயது. தீபாவளியையொட்டி எங்கள் தோட்டத் திடலில் இரண்டு முறை எழுவர் காற்பந்துப் போட்டி நடத்தினேன். போன வருடம் 32 குழுக்கள் வந்தும் 220 வெள்ளி (ரிங்கிட்) கைநட்டம். இதையே தொழிலாக்கி, இரவில் தமிழ்நாட்டுப் பாடகர் ஒருவரை வைத்துக் கச்சேரியும் நடத்த ஆசை. செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருக்கும் அப்பாவோ, "ஃபேக்டரி வேலைக்குப் போடா" என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகர், சுங்கை சிப்புட், பேராக், மலேசியா

பதில்: தம்பி, 220 வெள்ளியோடு தப்பித்தீர்களே! கடிதத்தோடு வைத்திருந்த கணக்கைப் பார்த்தேன். குழுவுக்கு 200 என்று 6,400 வசூல். அதில் பரிசுக்கு மட்டும் 4,000. மிச்சம் 2,400ஐ வைத்துக்கொண்டு திடல், நடுவர், கூடாரம், மைக், கோப்பை, ஐஸ் தண்ணீர் என்று 2,620 செலவு. உங்கள் பெட்ரோல் காசை எழுதவே இல்லை.

32 குழு என்பது பெருமைதான். ஆனால் நாலு நாலாகப் பிரித்து, பிரிவுக்கு இரண்டு குழுவை மேலே அனுப்பினால் மொத்தம் 63 ஆட்டம். ஒன்றுக்குக் கால் மணி நேரம் வைத்தாலும் இரண்டு திடலில் எட்டு மணி நேரம் ஆகும். காலை எட்டுக்குத் தொடங்கினால் மாலை நாலு. தீபாவளி மாதத்தில் பேராக்கில் நாலு மணிக்கு வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 16 குழுவோடு நிறுத்துங்கள். 31 ஆட்டம்தான் வரும். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் கொடுத்தாலும் மதியம் ஒன்றரைக்குள் கோப்பையைக் கொடுத்துவிடலாம்.

காசு நுழைவுக் கட்டணத்தில் இல்லை, ஜெர்சியில் இருக்கிறது. 16 குழு, குழுவுக்கு 12 சட்டை என்றால் 192 சட்டை. அச்சடிப்பவரிடம் மொத்தமாகப் பேசி, சட்டைக்கு ஐந்து வெள்ளி உங்களுக்கு என்று வைத்தால் 960 வந்துவிடும். சாப்பாட்டுக் கடைக்காரர்களிடம் இட வாடகையும் வாங்குங்கள். நாசி லெமாக் அக்காவிடம் மட்டும் கறாராகப் பேச வேண்டாம், அவர்தான் உங்களுக்கு விளம்பரம்.

பரிசுப் பணம் முதல் நாளே உறையில் இருக்க வேண்டும். நான் இளவட்டமாக இருந்தபோது ஒரு கடை முதலாளி, "ஆயிரம் என் பொறுப்பு" என்று தொலைபேசியில் சொன்னார். இறுதியாட்டம் முடிந்து விளக்கும் போட்டாயிற்று, மனிதரைக் காணோம். ஜெயித்த குழுவின் கேப்டன் சேற்றுக் காலோடு மேசை முன்னால் நிற்கிறான். கடைசியில் திங்கட்கிழமை என் வீட்டுக்காரியின் வளையல் அடகுக்கடைக்குப் போனது. இன்றைக்கும் டிவியில் காற்பந்து போட்டால் அவர் கை தானாக வளையலைத் தடவும்.

சரி, பேப்பர் வேலை. தொழிலைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பின்னால் கம்பெனியாக வளர்ந்தால், 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு ஆணையரிடம் உரிமம் எடுக்க வேண்டும். அதை மறக்காதீர்கள். முதலுக்கு, சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசாங்க அமைப்பான தெக்குன் கொடுக்கும் ஸ்பூமி கடனை விசாரியுங்கள், நம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே உள்ளது.

பாடகர் விஷயம் இந்த வருடம் வேண்டாமே. வெளிநாட்டுக் கலைஞர் என்றால், அதைக் கவனிக்கும் அரசாங்கக் குழுவான புஸ்பாலின் அனுமதி வேண்டும். அப்புறம் கோலகங்சார் நகராண்மைக் கழகம், போலீஸ், பாட்டின் காப்புரிமைக்கு எம்.ஏ.சி.பி. அமைப்பின் உரிமம். இத்தனையும் முடித்து மேடை போட்டபின் மழை வந்தால் வளையல் போதாது. உள்ளூர் உருமி மேளக் குழுவை இறுதியாட்டத்துக்கு முன்னால் அடிக்க விடுங்கள். கூட்டம் தானாக வரும்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். போட்டி அன்று வசூல் மேசையில் அவரை உட்கார வையுங்கள். தினமும் செம்பனைக் குலை எண்ணுகிறவர், ஒரு வெள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். உங்கள் பெட்ரோல் காசையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.