அணையில் கடற்காகம் எப்படி வந்தது?

கேள்வி: புனேயில் வேலை பார்க்கிறேன். ஜனவரியில், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மாவைப் பிக்வான் பக்கம் உஜனி அணை நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனேன். 'பூநாரை நிச்சயம்' என்று ஆன்லைனில் ஒருவர் முன்பணம் வாங்கியிருந்தார், ஒன்றுகூட இல்லை. படகைச் சூழ்ந்த வெள்ளைப் பறவைகளைக் கடற்காகம் என்றார் படகோட்டி. கடலே இல்லாத ஊரில் கடற்காகமா? அவரும் ஏமாற்றினாரா?

பதில்: படகோட்டி சரியாகத்தான் சொன்னார், உங்களை ஏமாற்றியது முன்பணம் வாங்கியவர்.

பெயரில் கடல் இருப்பதால் வரும் குழப்பம் இது. பழுப்புத்தலைக் கடற்காகம் குஞ்சு பொரிப்பதே லடாக், திபெத் பக்கத்து ஏரிகளில்தான். குளிருக்கு இறங்கி வரும்போது அதற்குக் கடற்கரையும் சரி, பீமா ஆற்றை மறித்த அணையும் சரி. தலையில் பழுப்பைத் தேடாதீர்கள், குளிர்காலத்தில் தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டுதான் மிஞ்சும். கடற்காகம் போலவே தெரியும் இன்னொரு நீர்ப்பறவையான ஆலாவோ என்று சந்தேகம் வந்தால், தண்ணீரில் வாத்து மாதிரி உட்கார்ந்து மிதக்கிறதா என்று பாருங்கள், மிதந்தால் கடற்காகம். ஆலா அலகைக் கீழே சாய்த்துப் பறந்தபடியே மீன் தேடும், இளைப்பாற ஒரு கம்போ மண்திட்டோ வேண்டும்.

அங்கே கருந்தலைக் கடற்காகமும் வரும். கண் வெளிறியிருந்தால் பழுப்புத்தலை, கருமையாக இருந்தால் கருந்தலை என்பார்கள். ஆனால் பழுப்புத்தலையின் இளம் பறவைக்கும் கண் கருமைதான், இதில் பழகினவர்களே தடுக்கி விழுகிறார்கள். அதனால் கண்ணை விட்டுவிட்டு, பறக்கும்போது இறக்கை நுனியைப் பாருங்கள். நுனி நன்றாகக் கறுத்து அதற்குள் வெள்ளைப் பொட்டு இருந்தால் வளர்ந்த பழுப்புத்தலை. இளசுக்கு அந்தப் பொட்டும் இருக்காது, நுனி முழுக்கக் கறுப்பாகவே தெரியும். கருந்தலைக்கு இறக்கையின் முன்விளிம்பு நுனிவரை வெள்ளையாக ஓடும்.

சரி, பூநாரைக்கு வருவோம். அதற்குச் சேறும் முழங்கால் அளவுத் தண்ணீரும் வேண்டும். நல்ல மழை பெய்த வருடம் ஜனவரியில் அணை ததும்பி நிற்கும், வடிந்து திட்டு தெரியப் பிப்ரவரி, மார்ச் ஆகிவிடும். இது தெரிந்தும் 'நிச்சயம்' என்று விற்கிறவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். கரையில் இருக்கும் படகுக்காரர் எண்ணை வாங்கி, முந்தின நாள் நேராகக் கேளுங்கள். செய்தியில் வரும் அணைச் சதவீதத்தை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். சுமார் 117 டி.எம்.சி. கொள்ளளவில் 63 டி.எம்.சி. போல அடி இருப்பு, அதாவது வழக்கமாகத் திறந்துவிடாத அடித் தண்ணீர், அதற்கு மேல் நிற்பதைத்தான் சதவீதமாகச் சொல்கிறார்கள். பூஜ்யம் என்றாலும் பாதித் தண்ணீர் கிடக்கும், அதற்கும் கீழே போனால் மைனஸ் போடுவார்கள். இதை ஒரு வரியில் விளக்கி வெளியிட இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லையே!

உங்கள் படகைப் பறவைகள் ஏன் சூழ்ந்தன என்று யோசித்தீர்களா? யாரோ சேவ் என்ற நொறுக்குத்தீனியை வீசியிருப்பார்கள். ஒரு பிடி விழுந்த இடத்தில் தண்ணீர்மேல் எண்ணெய் வானவில்லாகப் பரவுவதையும், அதற்குள் அலகை விட்டு ஒன்றையொன்று கொத்திக்கொண்டு அவை முண்டுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். உப்பும் எண்ணெயும் அதன் இரையே அல்ல. படம் நன்றாக வருகிறது என்று ஏஜென்ட்கள்தான் பொட்டலம் வாங்கிக் கொடுக்கிறார்கள். படகு எத்தனை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு பலகைகூட நான் போன கரைகளில் இல்லை, கேட்டால் ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டுகிறது.

அடுத்த முறை விடிவதற்குள் கரைக்குப் போய்விடுங்கள். ஏறுமுன்பே 'தீனி வேண்டாம், கூட்டத்துக்குள் ஓட்ட வேண்டாம், மோட்டாரை அணைத்துத் துடுப்பால் துழாவிப் போங்கள்' என்று பேசிக்கொள்ளுங்கள், அதற்காகக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள்.